கணக்கில் வராத மூன்றாம் தரப்பு: விலங்கு–தாவர வாயுப் பரிமாற்றம் குறித்து ஒரு மறுபரிசீலனை

ஒரு மரம், ஒரு மாடு, நடுவே எதிரெதிர்த் திசையில் இரண்டு அம்புக்குறிகள். விலங்குகளுக்கும் தாவரங்களுக்கும் இடையிலான வாயுப் பரிமாற்றத்தைப் பள்ளிப் பாடநூல்கள் பெரும்பாலும் இப்படித்தான் வரைந்து காட்டுகின்றன. மாடு விடும் கரியமில வாயு மரத்துக்கு. மரம் விடும் ஆக்சிஜன் மாட்டுக்கு. இப்படத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இரு தரப்பு மட்டுமே பங்குகொள்ளும் பண்டமாற்றாக இதைக் கொண்டால், காற்றில் இவ்வளவு ஆக்சிஜன் ஏன் மிஞ்சி நிற்கிறது என்பதற்கு விடை கிடைப்பதில்லை. மண்ணில் மட்கும் பொருளையும் அதைத் தின்னும் நுண்ணுயிரிகளையும் சேர்க்காமல் இக்கணக்கு நேராகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

படத்தின் வேர் லீட்ஸ் நகரில் இருக்கிறது. 1771 ஆகஸ்ட் 17 அன்று ஜோசப் பிரீஸ்ட்லி, மூடிய குடுவையில் மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றுக்குள் ஒரு புதினாத் தண்டை வைத்தார். அதே மாதம் 27ஆம் தேதி அக்காற்றில் வேறொரு மெழுகுவர்த்தி நன்றாக எரிந்தது. புதினா வளர்ந்த காற்றில் எலியும் உயிர் தரித்தது. பின்னர் அவர் செய்த சோதனைகள் சில பொய்த்தன. காரணம் அவருக்கு விளங்கவில்லை. 1779இல் யான் இங்கன்ஹவுஸ் அதை விளக்கினார்: தாவரத்தின் பச்சைப் பகுதி மட்டும், வெளிச்சம் படும்போது மட்டும், காற்றைத் தூய்மையாக்குகிறது, இருளில் தாவரமும் விலங்கைப் போலவே காற்றைக் கெடுக்கிறது. (இரவில் புளியமரத்தடியில் படுக்கக் கூடாது என்பதற்கு இந்தக் காரணத்தைச் சொல்வோர் உண்டு. ஆனால் திறந்த வெளியில் மரம் விடும் கரியமில வாயு காற்றோடு கலந்து போய்விடும். மூடிய அறையில் உடன் படுத்திருப்பவர் விடுவதே அதிகம் தேங்கும்.)

பிரீஸ்ட்லியின் குடுவை குறித்து அதிகம் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. புதினா வளர்ந்துகொண்டிருந்த நாட்களில்தான் சோதனை நடந்தது. அதே புதினாவைக் குடுவைக்குள்ளேயே வாடி அழுக விட்டிருந்தால்? அது வளர்ந்தபோது வெளியிட்ட ஆக்சிஜன் ஏறத்தாழ முழுவதையும் அழுகல் திரும்பக் குடித்திருக்கும். மெழுகுவர்த்தி மீண்டும் அணைந்திருக்கும்.

இங்கே வேதியியலைச் சற்றுத் துல்லியமாகப் பார்க்க வேண்டும். தாவரம் கரியமில வாயுவை ஆக்சிஜனாக 'மாற்றுகிறது' என்று சொல்லிவிடுகிறோம். 1941இல் கலிபோர்னியாவில் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் சகாக்களும் கனமான ஆக்சிஜன்–18 அணுக்கள் ஏற்றிய நீரைக் குளோரெல்லா பாசிக்குக் கொடுத்தனர். வெளிவந்த ஆக்சிஜன் வாயு நீரிலிருந்து வந்தது என்பதை அந்த அணுக்கள் காட்டின. விலங்கின் பக்கத்திலும் இதுவே நிலை: நாம் இழுக்கும் ஆக்சிஜன் செல்களுக்குள் நீராக முடிகிறது, வெளிவிடும் கரியமில வாயுவின் கரி உணவிலிருந்து வருகிறது. ஆக, இரு வாயுக்களையும் இணைப்பது உணவு, அதாவது தாவரம் கட்டிவைத்த கரிமப் பொருள். அப்பொருள் எரியாமல், தின்னப்படாமல், மட்காமல் இருக்கும் வரைதான் அதற்கு ஈடான ஆக்சிஜன் காற்றில் இருக்கும்.

இதை மிகப் பெரிய அளவில், எவரும் திட்டமிடாமலே, மெய்ப்பித்த சோதனை அரிசோனாவின் பயோஸ்பியர் 2. சுமார் 3 ஏக்கர் பரப்புள்ள அக்கண்ணாடிக் கட்டடத்தில் மழைக்காடு, புல்வெளி, சதுப்பு, பாலை, பவளத்திட்டுடன் ஒரு சிறு கடல், விளைநிலம் எல்லாம் இருந்தன. 1991 செப்டம்பர் 26 அன்று எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டனர். 20.9 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் மாதந்தோறும் சரிந்து, பதினாறே மாதங்களில் 14 சதவீதத்தைச் சற்றே தாண்டிய நிலைக்கு இறங்கியது. உயர்ந்த மலையில் வாழ்பவர்போல அவர்கள் களைத்தனர், தூக்கம் கெட்டது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று.

எட்டுப் பேர் விட்ட மூச்சா காரணம்? இல்லை. அவர்கள் உண்டதில் பெரும்பகுதி உள்ளேயே விளைந்தது. அது விளைந்தபோதே அதற்கீடான ஆக்சிஜனும் வெளிவந்துவிட்டது. குற்றவாளி மண். பயிர் செழிக்க வேண்டுமென்று மட்கு நிறைந்த மண்ணை உள்ளே கொட்டியிருந்தனர். அந்த மட்கு உருவானபோது பிறந்த ஆக்சிஜன் வெளிக்காற்றிலேயே தங்கிவிட்டது; உள்ளே வந்தது கடன் மட்டும். நுண்ணுயிரிகள் அக்கடனை மூடிய காற்றிடம் வசூலித்தன.

அப்படியானால் கரியமில வாயு அதே அளவுக்கு ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை. அந்த மர்மத்தை ஜெஃப் செவரிங்ஹாஸ், வாலஸ் புரோக்கர் முதலியோர் 1994இல் அவிழ்த்தனர். உட்புறக் கான்கிரீட்டில் வெளிப்புறத்தைவிடப் பன்மடங்கு கால்சியம் கார்பனேட் படிந்திருந்தது: கான்கிரீட்டின் சுண்ணாம்பு கரியமில வாயுவோடு வினைபுரிந்து அதைப் பிடித்துவைத்திருந்தது. பூச்சுச் சுண்ணாம்பு இறுகுவதும் இதே வினையால்தான். தாவரங்களுக்குப் போக வேண்டிய கரியைச் சுவர் விழுங்கிவிட்டது; கண்ணாடியும் சட்டங்களும் சூரிய ஒளியில் ஏறத்தாழப் பாதியை மறைத்திருந்ததால் ஒளிச்சேர்க்கையும் ஈடுகொடுக்கவில்லை. மாடும் மரமும் மட்டும் உள்ள படத்தைக் கொண்டு இந்தச் சரிவை விளக்க முடியாது.

பூமி முழுமைக்கும் இதே கணக்குதான். நிலத் தாவரங்கள் ஆண்டுக்குச் சுமார் 12,000 கோடி டன் கரியை ஒளிச்சேர்க்கையில் பிடிக்கின்றன. ஏறக்குறையப் பாதியை அவையே சுவாசித்துத் தீர்க்கின்றன. மிச்சத்தில் பெரும்பகுதி மண்ணின் நுண்ணுயிரிகளுக்கும் பூஞ்சைகளுக்கும் போகிறது. விலங்குகளின் பங்கு சிறிது. முதிர்ந்த காடு தான் விடும் ஆக்சிஜனை ஏறத்தாழ முழுதுமாகத் தானே செலவழிப்பதால், அமேசானை உலகின் நுரையீரல் என்பது பொருந்தாது. காற்றிலுள்ள 21 சதவீத ஆக்சிஜன், மட்காமல் கடலடிச் சேற்றில் புதைந்து பாறையான கரிமப் பொருளுக்கு ஈடாகப் பல கோடி ஆண்டுகளில் சேர்ந்தது. மரம் நடுவோர் ஆக்சிஜனைக் காரணம் காட்டுவது எனக்கு வருத்தம் தருகிறது. நிழல், நீர், மண், உயிரினங்கள், தண்டில் அடைபடும் கரி என்று அசைக்க முடியாத காரணங்கள் இருக்கும்போது, தவறான காரணத்தின்மேல் ஏன் நிற்க வேண்டும்?

மூன்றாம் தரப்பைச் சேர்த்துக்கொண்டால் பரிமாற்றத்தை அளக்கவும் முடிகிறது. ரால்ஃப் கீலிங் 1980களின் இறுதியிலிருந்து காற்றின் ஆக்சிஜனை நுட்பமாக அளந்துவருகிறார். அது ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் சுமார் நான்கு பங்கு குறைகிறது. மூச்சுக்கு இதனால் ஆபத்தில்லை. ஆனால் நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் எவ்வளவு குறைய வேண்டும் என்பதைக் கணக்கிட முடியும். உண்மையான குறைவு அதைவிடக் குறைவு. கடல்நீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்ளும்போது ஆக்சிஜன் வெளிவருவதில்லை. தாவரம் கரியைப் பிடித்துவைக்கும்போது வெளிவருகிறது. அந்த வேறுபாட்டைக் கொண்டே, நாம் புகைத்த கரியில் நிலம் வாங்கிக்கொண்டது எவ்வளவு, கடல் வாங்கிக்கொண்டது எவ்வளவு என்று பிரித்தறிகிறார்கள்.