கழகமும் கம்பனியும்: கல்கத்தா உதைபந்தாட்ட இரசிகரின் ஏமாற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கழகம் என்ற சொல் தமிழில் இருவேறு பொருள் தாங்கி வந்துள்ளது. திருக்குறளின் சூது அதிகாரத்தில் அது சூதாடும் இடத்தைச் சுட்டுகின்றது. பிற்கால வழக்கில் கற்றோர் கூடும் அவைக்கும் கலை பயிலும் இடத்துக்கும் அதுவே பெயராயிற்று. இன்று ஊர்தோறும் காணப்படும் விளையாட்டுக் கழகங்கள் இவ்விரண்டாம் பொருளின் வழிவந்தவை. பலர் கூடித் தமக்கென அமைத்துக்கொண்ட அவை என்பதே அங்கு கருத்து. ஆயினும் அண்மைக்காலத்தில் உலகின் பல நாடுகளில் உதைபந்தாட்டக் கழகங்கள் கம்பனிகளின் உடைமையாக மாறியுள்ளன. முதலிட்டு ஆதாயம் நோக்குவோர் ஒருபுறமும், பரம்பரையாக அன்பு செலுத்தியோர் மறுபுறமுமாக நிற்கும் இந்நிலையில், கழகம் எவருடையது என்ற வினா எழுகின்றது. இரசிகரின் ஏமாற்றம் என்று பொதுவாகக் கூறப்படுவது இவ்வினாவுக்குக் கிடைத்த விடையால் விளைந்த துயரமே ஆகும்.

வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழ்வோருக்கு இவ்வினா அந்நியமானதன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களின் ஊர்களுட் பல குடியேற்றத்தால் உருவானவை. இரணைமடுக் குளத்தின் கீழ் அமைந்த குடியேற்றங்கள், விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களிற் படித்த வாலிபருக்கென வகுக்கப்பட்ட திட்டங்கள், 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்தோரின் குடியிருப்புக்கள் என்பன இதற்குச் சான்றாகும். வேறுவேறு இடங்களிலிருந்து வந்தவர்கள் ஓர் ஊராராக ஆவதற்கு ஆலயமும் சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் துணைநின்றன. சிரமதானத்தில் துப்புரவாக்கிய திடலும், வீடுவீடாகச் சேர்த்த சந்தாவுமே அத்தகைய கழகங்களின் மூலதனம். 2009ஆம் ஆண்டு முடிவுற்ற போரின்போது ஊர்கள் முற்றாக இடம்பெயர்ந்தன. கிண்ணங்களையும் பதிவேடுகளையும் இழந்த பின்னரும் மீளக்குடியமர்ந்தோர் பழைய பெயரிலேயே கழகங்களைத் தொடங்கினர். பொருள் யாவும் அழிந்தும் கழகம் அழியவில்லை எனின், கழகம் என்பது பொருளன்று என்பது பெறப்படும்.

பொருளல்லாத அக்கழகம் ஒரு பெருநகரில் நூறாண்டுக்கு மேல் வளர்ந்து, பின்னர் விற்பனைக்குரியதாகும்போது நேர்வது யாது என்பதை அறிய, கல்கத்தா நகரின் வரலாறு பெரிதும் உதவும். 2001 முதல் கொல்கத்தா என வழங்கும் அந்நகரில் மோகன் பகான் கழகம் 1889ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் நாள் நிறுவப்பெற்றது. அது 1911 ஜூலை 29ஆம் நாள் நடைபெற்ற ஐ.எப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் கிழக்கு யோர்க்சயர் படைப்பிரிவின் அணியை 2–1 என்ற கணக்கில் வென்றது. சிப்தாஸ் பாதுரி தலைமையில் ஆடிய அவ்வணியினருள் ஒருவர் மாத்திரமே சப்பாத்து அணிந்திருந்தார். ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினர். ஆளும் இனத்தாரை அவர்தம் விளையாட்டிலேயே வெல்லலாம் என்ற எண்ணத்தை அவ்வெற்றி விதைத்தது. அந்நாள் இன்றும் மோகன் பகான் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

இதன் மறுதலையாக எழுந்தது கிழக்கு வங்காளக் கழகம். கிழக்கு மாவட்டங்களிலிருந்து வந்த ஆட்டக்காரர் புறக்கணிக்கப்பட்டனர் என்ற மனத்தாங்கலில் 1920 ஓகஸ்ட் 1ஆம் நாள் அது தோன்றியது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின் பின் கிழக்கிலிருந்து இலட்சக்கணக்கானோர் அகதிகளாகக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தனர். வீடும் நிலமும் இழந்த அவர்களுக்கு, விட்டுவந்த ஊரின் பெயரை உரத்துச் சொல்ல எஞ்சிய இடம் அக்கழகத்தின் ஆடுகளமே. ஒரு கழகம் வென்றால் இலிஷ் மீன், மற்றையது வென்றால் இறால் என உணவும் கட்சி பிரிந்தது. இடம்பெயர்ந்த மாந்தர் தம் ஊரைக் கழகத்தின் பெயரிற் காத்துவைத்தமை வன்னியிலும் வங்காளத்திலும் ஒப்பக் காணத்தக்க உண்மையாகும்.

இவ்வன்புக்கு இரசிகர் கொடுத்த விலையும் பெரிது. 1980 ஓகஸ்ட் 16ஆம் நாள் ஈடன் தோட்ட அரங்கில் இவ்விரு கழகங்களும் மோதியபோது பார்வையாளரிடையே எழுந்த கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் உயிரிழந்தனர். அன்பு வெறியாகும்போது விளையும் கேட்டினை மறைத்தல் வரலாறாகாது. எனினும் கணக்கேடு எதிலும் முதலீடாகப் பதியப்படாத அளவற்ற ஈடுபாடு இக்கழகங்களின் பெயர்களுக்குப் பின்னால் இருந்தது என்பதை அந்நாள் துயரத்துடன் காட்டி நின்றது.

1991ஆம் ஆண்டின் பொருளாதாரத் தாராளமயமும் 1996இல் தொடங்கிய தேசிய லீக்கும் நிலைமையை மாற்றின. நாடு முழுவதும் பயணஞ்செய்து ஆடவும், வெளிநாட்டு வீரரை அமர்த்தவும் சந்தாப் பணம் போதவில்லை. 1998இல் இரு கழகங்களும் யுனைட்டெட் புறூவரீஸ் குழுமத்துடன் இணைந்தன. உதைபந்தாட்டப் பிரிவுகள் தனிக் கம்பனிகளாக்கப்பட்டு, பங்குகளிற் பாதி அக்குழுமத்தின் வசமாயின. மக்டொவல் மோகன் பகான் என்றும், கிங்பிஷர் கிழக்கு வங்காளம் என்றும் மதுபான வகைகளின் பெயர்கள் கழகங்களின் முன்னே ஒட்டப்பட்டன. அங்கத்தவர் வாக்களித்து நிருவாகிகளைத் தெரிவுசெய்யும் சங்கம் ஒன்று. பங்குகளின் அளவுக்கேற்ப அதிகாரம் அமையும் கம்பனி மற்றொன்று. கழகம் என்ற ஒரே பெயரின் கீழ் இவ்விரண்டும் நிற்கத் தொடங்கியமை அன்றுதான். பெயருக்கு முன் மற்றொரு பெயர் வந்தபோது பெரும்பாலான இரசிகர் அதனை விளம்பரமாகவே கருதினர். உடைமை மாற்றத்தின் முதற்படியாகக் கருதினாரல்லர்.

அடுத்த திருப்பம் 2010ஆம் ஆண்டு நேர்ந்தது. அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாவுக்கு ஐ.எம்.ஜி.–றிலையன்ஸ் நிறுவனத்துக்கு வழங்கியது. அதன் பயனாக 2014இல் இந்தியன் சுப்பர் லீக் பிறந்தது. அதில் நகரங்களின் அல்லது பிரதேசங்களின் பெயரால் அமைந்த உரிமை அணிகளே இடம்பெற்றன. கல்கத்தாவுக்கு வரலாறற்ற புதிய அணி ஒன்று அமைந்தது. சஞ்சீவ் கோயங்கா, சௌரவ் கங்குலி முதலியோரும் ஸ்பெயின் நாட்டு அத்லெற்றிக்கோ மட்றிட் கழகமும் கூட்டாக உரிமை கொண்டிருந்த அவ்வணி முதலாண்டே வாகை சூடியது. ஸ்பெயின் கழகம் விலகியபின் 2017 முதல் அது ஏ.ரி.கே. எனப்பட்டது. பழைய கழகங்கள் ஐ லீக் தொடரிலேயே எஞ்சின. 2019இல் ஆசியக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட திட்டத்தின்படி இந்தியன் சுப்பர் லீக்கே நாட்டின் முதல்நிலைத் தொடராயிற்று. இதனால் பெரும் பணம் படைத்த முதலீட்டாளர் ஒருவரைத் தேடுதல், அன்றி இரண்டாந் தரத்தில் ஒடுங்குதல் என்ற இரு வழிகளே பழைய கழகங்களுக்கு எஞ்சின.

மோகன் பகான் முதல் வழியைத் தெரிந்தது. 2020 ஜனவரி 16ஆம் நாள் அதன் உதைபந்தாட்டக் கம்பனியின் 80 சதவீதப் பங்குகளைக் கோயங்காவின் குழுமம் பெற்றுக்கொண்டது. ஏ.ரி.கே. அணி அதனுடன் இணைக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் மோகன் பகான் ஐ லீக் வாகையை உறுதிசெய்திருந்தது. ஆயின் வென்று கொடுத்த பயிற்றுநர் கிபு விக்குனா புதிய அணியில் இடம்பெறவில்லை, ஏ.ரி.கே. பயிற்றுநர் அந்தோனியோ ஹபாஸ் தொடர்ந்தார். வீரர்களிற் பெரும்பாலோரும் அவ்வணியின் வழிவந்தோரே. பச்சையும் அரக்குமான சீருடை காக்கப்பட்டது, பெயரோ ஏ.ரி.கே. மோகன் பகான் என்றாயிற்று. நேற்றுவரை நகரின் போட்டிக் கழகமாக இருந்த ஒன்றின் பெயரைத் தம் கழகத்தின் முன்னே வைத்து உச்சரிக்குமாறு இரசிகர் கேட்கப்பட்டனர். கம்பனி மொழியில் இணைப்பு எனப்பட்டதை அவர்கள் விழுங்கப்படுதலாகவே உணர்ந்தனர். ஏ.ரி.கே. என்ற எழுத்துக்களை நீக்குக என்ற கோரிக்கை பதாகைகளாகவும் ஆர்ப்பாட்டங்களாகவும் ஆட்டப் புறக்கணிப்பாகவும் வடிவெடுத்தது.

கிழக்கு வங்காளக் கழகத்தின் கதை வேறு, துயரம் ஒன்றே. 2018இல் குவெஸ் நிறுவனம் 70 சதவீதப் பங்குகளைப் பெற்று, இரண்டாண்டில் விலகிற்று. 2020இல் சிறீ சிமெந்து நிறுவனம் வந்தது. விளையாட்டு உரிமைகளை நிரந்தரமாக ஒப்படைக்கும் இறுதி உடன்படிக்கையிற் கையொப்பமிடக் கழக நிருவாகிகள் மறுத்தனர். 2021 ஜூலை 21ஆம் நாள் கழக வாயிலில் இரசிகர் திரண்டு ஆர்ப்பரித்தபோது பொலிசார் தடியடி நடத்தினர். அன்று திரண்டோருள் உடன்படிக்கையில் ஒப்பமிடுமாறு வேண்டியோரும், ஒப்பமிடலாகாது என்றோரும் இருந்தனர் என்பது கருதத்தக்கது. உரிமையை விற்றால் கழகம் தமதன்று. விற்காவிடின் கழகம் ஆடாது. இவ்விரு அச்சங்களுக்கும் இடையில் இரசிகரே இரண்டாகப் பிளந்து நின்றனர். 2022இல் அந்நிறுவனமும் நீங்க, இமாமி குழுமம் அவ்விடத்துக்கு வந்தது.

2023 மார்ச்சு 18ஆம் நாள் கோவாவில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் ஏ.ரி.கே. மோகன் பகான் தண்டனை உதைகளில் பெங்களூர் அணியை வென்று, இந்தியன் சுப்பர் லீக் கிண்ணத்தைப் பெற்றது. அந்த வெற்றி வேளையிலேயே அடுத்த பருவம் முதல் ஏ.ரி.கே. என்பது நீங்கும் எனக் கோயங்கா அறிவித்தார். மூன்றாண்டுப் போராட்டம் வென்றது எனலாம். ஆனால் வெறும் மோகன் பகான் என்ற பழம்பெயர் திரும்பவில்லை. சுப்பர் ஜயன்ற் என்ற பின்னொட்டு வந்து சேர்ந்தது. அக்குழுமத்தின் இலக்னோ கிறிக்கெற் அணியும் அதே மரபிற் பெயர் கொண்டதாகும். முன்னே நின்ற பெயர் பின்னே சென்றது. பெயரிடும் அதிகாரமோ இடம் மாறவில்லை. இரசிகரின் வெற்றியிலேயே அவர்தம் தோல்வியும் அடங்கியிருந்தமை இவ்வரலாற்றின் சாரமாகும்.

கம்பனிகளின் வருகையால் தீமை மட்டுமே விளைந்தது என்பார் கூற்றும் பொருந்தாது. மோகன் பகான் 2024–25 பருவத்தில் லீக் கேடயத்தையும் கிண்ணத்தையும் ஒருங்கே வென்றது. முதலீடின்றி இது கைகூடியிருக்காது. பழைய நிருவாகங்களும் குறையற்றவையல்ல. நீண்டகாலம் ஒருசிலரே பதவி வகித்தமையும், இளைஞரைப் பயிற்றும் அமைப்புக்களைப் போதியளவு வளர்க்காமையும் கழகங்களைக் கைநீட்டும் நிலைக்குத் தள்ளின. வெற்றியை மட்டும் வேண்டி, கணக்கைக் கேளாதிருந்த இரசிகருக்கும் இப்பொறுப்பிற் பங்குண்டு. அதேவேளை, கம்பனி உடைமை நிலைபேறு தரும் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. 2010ஆம் ஆண்டு உடன்படிக்கை முடிவை நெருங்கியபோது, அதனைப் புதுப்பிப்பதில் இணக்கம் ஏற்படாமையால் 2025 ஜூலையில் இந்தியன் சுப்பர் லீக்கே நிறுத்திவைக்கப்பட்டது.

பிறநாட்டு அனுபவங்கள் மாற்று வழிகளையும் காட்டுகின்றன. மோகன் பகான் தோன்றிய அதே 1889ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே தோன்றியது விம்பிள்டன் கழகம். அதனை மில்ரன் கீன்ஸ் நகருக்கு இடம்பெயர்க்க 2002இல் உடைமையாளருக்கு அனுமதி கிடைத்தது. இரசிகர் அழுதுகொண்டிருக்கவில்லை, அவ்வாண்டே ஏ.எப்.சி. விம்பிள்டன் என்ற கழகத்தைத் தாமே நிறுவி, கீழ்மட்ட லீக்கிலிருந்து தொடங்கி, 2011இல் உதைபந்தாட்ட லீக்கை அடைந்தனர். ஜேர்மனியில் 1998இல் வகுக்கப்பெற்ற விதி, கழகங்கள் கம்பனி அமைக்க இடமளித்தபோதிலும், சில விலக்குகள் தவிர, வாக்குகளிற் பாதிக்கு மேல் ஒன்றேனும் அங்கத்தவர் சங்கத்திடமே இருத்தல் வேண்டும் என்றது. பணத்தை ஏற்றல் வேறு, பெயரைக் கையளித்தல் வேறு என்ற வேறுபாடு அவ்விதியிற் சட்டமாயிற்று.

இவ்வேறுபாடு வன்னிக்கும் இன்றியமையாதது. 2018இல் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் பெயரால் நடைபெற்ற பிறீமியர் லீக் உதைபந்தாட்டத் தொடரில், ஊர்க் கழகங்களின் பெயர்களுக்கு மாறாகப் புதிய பெயர் சூடிய அணிகளே களமிறங்கின. புலம்பெயர்ந்தோரின் உதவியும் வணிக நிறுவனங்களின் அனுசரணையும் ஊர்க் கழகங்களை நாடி வருகின்றன. சீருடையும் மின்னொளியும் வேண்டாம் என்று எவரும் கூறார். வறுமையிற் பெருமை பேசுதல் இளைஞருக்குப் பயன்தராது. ஆயின் அனுசரணை என்பது சீருடையில் எழுதப்படும் பெயரோடு முடிதல் வேண்டும். கழகத்தின் பெயர், இலட்சினை, திடல், யாப்பு ஆகியவற்றைப் பொதுக்கூட்டத்தின் வாக்கின்றி எவரும் மாற்றலாகாது என யாப்பிலேயே எழுதிவைத்தல், ஆண்டுதோறும் கணக்கை அங்கத்தவர் முன் வைத்தல், சந்தா சிறிதாயினும் அதனை ஒழுங்காகப் பெறுதல் என்பன எளிய காரியங்கள். கல்கத்தாவின் பெருங்கழகங்கள் உரிய காலத்திற் செய்யத் தவறியவற்றை ஒரு சிற்றூரின் கழகம் இன்று செய்துவிடலாம்.

சந்தா செலுத்துபவன் அங்கத்தவன். நுழைவுச்சீட்டு வாங்குபவன் வாடிக்கையாளன். முன்னவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு; பின்னவனுக்கு எழுந்து செல்லும் உரிமை மட்டுமே உண்டு. கல்கத்தா இரசிகர் தம்மை அங்கத்தவர் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். பெயர் மாறிய அன்றுதான் தாம் வாடிக்கையாளராகிவிட்டமையை உணர்ந்தனர். ஒரு கழகம் சூதாடும் இடமாவதும் பலர் கூடும் அவையாவதும் அதன் பெயரால் அமைவதன்று. அங்கே கேள்வி கேட்போர் எத்துணைப் பேர் என்பதாலேயே அமையும்.