பெட்ரோல் வாஷ்: பட்டைப் பாதுகாக்கும் தொழிலாளிக்கு என்ன பாதுகாப்பு?

திருபுவனம் பட்டு பக்கத்திலேயே கிடைப்பதால், சுவாமிமலை, கும்பகோணம் வட்டார வீடுகளில் பட்டுப்புடவைக்குக் குறைவில்லை. நிக்காஹ், பெருநாள் முடிந்ததும் அவற்றைப் பெட்ரோல் வாஷுக்குக் கொடுக்கிறோம். நம் உறவினர்கள் சிலர் வளைகுடா நாடுகளின் லாண்டரிகளிலும் வேலை செய்கிறார்கள். அவர்கள் தினமும் சுவாசிப்பது எதை என்று நாம் யோசித்திருக்கிறோமா?

'ட்ரை கிளீனிங்' என்றாலும் துணி நனையத்தான் செய்கிறது. தண்ணீருக்குப் பதில் ரசாயனக் கரைப்பானில் நனைகிறது. சிறு கடைகளில் பெட்ரோல் அல்லது டர்பன்டைன் வகை எண்ணெய். பெரிய இயந்திரங்களில் பெரும்பாலும் 'பெர்க்' எனப்படும் பெர்குளோரோஎத்திலீன்.

பெர்க்கின் ஆவி காற்றைவிட 5 மடங்குக்கும் மேல் கனமானது. தரையை ஒட்டித் தேங்கும். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலில் சேரும். தலைவலி, தலைசுற்றல், தோல் வெடிப்பு ஆகியவை தொடக்க அறிகுறிகள். நாளடைவில் ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 2A பிரிவில், அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்க அதிக வாய்ப்புள்ள பொருட்களின் வரிசையில் வைத்துள்ளது. ட்ரை கிளீனிங்கில் இதன் பயன்பாட்டை 10 ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்தும் விதியை அமெரிக்கா 2024 டிசம்பரில் அறிவித்தது.

பெட்ரோலும் பாதுகாப்பானதல்ல. அதிலுள்ள பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. பட்டைத் தேய்க்கும்போது எழும் சிறு மின்பொறியே தீப்பிடிக்கப் போதும். ஈரம் காயாத துணியருகே இஸ்திரிப் பெட்டியை வைப்பது பேராபத்து.

வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

• துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரைப்பான் ஆவிக்கான கரி வடிகட்டி உள்ள முகக்கவசம் தேவை.
• நைட்ரைல் கையுறை அணியுங்கள். கரைப்பானில் கை கழுவாதீர்கள்.
• கரைப்பான் டப்பாக்களை மூடியே வையுங்கள். கதவு, சன்னல் திறந்திருக்கட்டும்.
• வேலை உடையோடு வீட்டுக்குள் நுழைந்து குழந்தைகளைத் தூக்காதீர்கள்.
• கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இவ்வேலையைத் தவிர்ப்பது நல்லது. பெர்க் தாய்ப்பாலிலும் கலக்கும்.

மருத்துவரிடம் போனால், "தலைவலி" என்று மட்டும் சொல்லாமல் எந்தக் கரைப்பானில் எத்தனை வருடம் வேலை செய்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். பெர்க் போன்ற நச்சுக் கரைப்பான்களால் வரும் நோய்களை, சட்டம் தொழில்சார் நோய்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. இ.எஸ்.ஐ.யில் பதிவு பெற்றவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

வாடிக்கையாளர்களான நமக்கும் பொறுப்பு உண்டு. சலவையான துணியை உறையிலிருந்து எடுத்து, காற்றாட விட்டபின் பீரோவில் வைப்போம். தண்ணீரில் அலசக்கூடிய துணியைப் பெட்ரோல் வாஷுக்கு அனுப்பாதிருப்போம்.