நளன் எண்ணிய தான்றி மரம்

மட்டக்களப்பு வாவி தெற்கே முடியும் இடத்தில், கல்முனையை அடுத்த பாண்டிருப்பில், திரௌபதை அம்மன் ஆலயத்தின் 18 நாள் உற்சவத்தில் ஆண்டுதோறும் பாண்டவர் வனவாசம் போகின்றனர். சூதிலே நாடிழந்தவர்களாக வேடம் புனைந்தோர் வீதிவழியே நடப்பர். இறுதி நாளில் தீமிதிப்பு. தருமன் ஏன் தோற்றான் என்று கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் சகுனியின் கள்ளத்தைத்தான் சொல்வார்கள். தன் ஆட்டத்தின் தரம் இன்னதென்று தருமனுக்குத் தெரிந்திருந்ததா என்பது எவருக்கும் தோன்றாத கேள்வி.

வியாசருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த வனவாசத்தின்போதுதான் பிருகதசுவ முனிவர் தருமனுக்கு நளன் கதையைச் சொல்கிறார். சூதில் அனைத்தையும் இழந்த நளன், வாகுகன் என்னும் பெயரில் இருதுபர்ண மன்னனுக்குத் தேரோட்டுகிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில், அதன் இரு கிளைகளில் ஐந்து கோடி இலைகளும் 2,095 காய்களும் உள்ளன என்கிறான் மன்னன். (அக்காலத்தில் சூதாடும் காயே தான்றிக் காய்தான்.) நளன் அதை நம்பிவிடவில்லை. தேரை நிறுத்துகிறான், மன்னன் அவசரப்படுத்தியும் கேளாமல் மரத்தை வெட்டி வீழ்த்தி, காய்களை எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. அதன் பிறகே சூதின் நுட்பத்தைக் கேட்டுப் பெறுகிறான். அதைக் கொண்டே நாட்டை மீட்கிறான். கதையை முடித்த முனிவர் தருமனுக்கும் அதைக் கற்பிக்கிறார்.

ஐரோப்பாவில் பாஸ்கலும் பெர்மாவும் சூதாட்டக் கணக்கைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டது 1654 இல். எல்லாம் நம்மவர் முன்பே கண்டது என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பாரதத்தில் சூத்திரம் ஏதுமில்லை. எண்ணிப் பார் என்பது மட்டுமே இருக்கிறது.

எண்ணிப் பாராதவர்களில் நானும் ஒருவன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் மட்டக்களப்பில் இளம் நிருபராக இருந்தேன். பொழுது சாய்ந்தால் தெருவில் ஆள் நடமாட்டம் இராது. கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தையில் ஏழு பேர் அரிக்கன் லாம்பின் வெளிச்சத்தில் காசு வைத்து ரம்மி ஆடுவோம். நான் வெல்கிறவன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. வென்ற இரவுகள் ஒவ்வொன்றும் நினைவில் இருந்தன. தோற்ற இரவுகளுக்குச் சீட்டையோ பக்கத்து ஆட்டக்காரரையோ குறை சொல்லி மறந்திருந்தேன். வீட்டுக்காரர் பழைய கடைக்காரர்; யாருக்கும் சொல்லாமல் ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் பதிந்து வந்தார். ஒருநாள் அதைக் காட்டினார். 43 இரவுகளில் என் நட்டம் 1,140 ரூபாய்.

அன்று எனக்கு வந்த கோபம் இன்று வெட்கமாக இருக்கிறது. ஆயினும் அந்தத் தொகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தேநீருக்கும் மண்ணெண்ணெய்க்குமாக ஆளுக்கு இரவொன்றுக்கு 20 ரூபாய் மேசையிலிருந்து எடுக்கப்பட்டது. 43 இரவுக்கு 860. ஆட்டத்தில் நான் தோற்றது 280 மட்டுமே. சூதாட்ட விடுதிகளில் போக்கர் மேசையிலும் இதே ஏற்பாடுதான்: ஒவ்வொரு ஆட்டத்திலும் விடுதி தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. மற்றவர்களைவிடச் சற்றே நன்றாக ஆடுகிறவரும் அந்தப் பங்கினால் நட்டமடையக்கூடும்.

அந்த 280 ரூபாயைக் கொண்டு நான் மோசமான ஆட்டக்காரன் என்று சொல்லிவிடலாமா? முடியாது. ஒருவர் மணிக்குச் சராசரி 100 ரூபாய் வெல்லும் திறமை உடையவர் என்று வையுங்கள். சீட்டின் போக்கினால் ஒரு மணி நேரத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கம் 1,500 ரூபாய். 100 மணி நேரத்தில் எதிர்பார்க்கத்தக்க வருவாய் 10,000. ஏற்ற இறக்கமோ 15,000. திறமைசாலியும் கடனாளியாக எழுந்து போகலாம், மூடனும் சிரித்துக்கொண்டு போகலாம். 900 மணி நேரத்தில் வருவாய் ஒன்பது மடங்காகி 90,000 ஆகிறது. ஏற்ற இறக்கம் மூன்று மடங்காக மட்டுமே பெருகி 45,000 இல் நிற்கிறது. அப்போதுதான் திறமை தெளியத் தொடங்கும். வாரம் ஆறு மணி நேரம் ஆடுகிறவருக்கு அது ஏறக்குறைய மூன்று ஆண்டுக் கணக்கு. நேரில் ஆடும் போக்கரில் மணிக்கு முப்பது ஆட்டத்துக்கு மேல் நகர்வது அரிது.

எங்கள் ஏழு பேரில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆடியவர் எவருமில்லை. இருவர் நாட்டைவிட்டுப் போயினர். எனக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை அந்த வீட்டைக் கொண்டுபோயிற்று. கொப்பியும் அதனுள் இருந்ததாகப் பின்னர் அறிந்தேன்.