ஒரு வேலைக்கு மூன்று வாசல்: அமெரிக்க நர்சிங் படிப்பின் கதை

அமெரிக்காவில் நர்ஸ் ஆக நினைக்கும் ஒரு மாணவிக்கு முதல் குழப்பமே எந்தப் படிப்பில் சேர்வது என்பதுதான். மருத்துவமனைகள் நடத்தும் டிப்ளமோ (இப்போது மிகச் சில இடங்களில் மட்டும்), சமுதாயக் கல்லூரிகளின் இரண்டு வருட அசோசியேட் பட்டம், பல்கலைக்கழகங்களின் நான்கு வருட இளங்கலைப் பட்டம் என்று மூன்று வழிகள் இருக்கின்றன. எதைப் படித்தாலும் கடைசியில் எழுதுவது என்கிளெக்ஸ் என்ற ஒரே தேர்வு. கிடைப்பதும் ஒரே உரிமம். ஒரு வேலைக்கு எதற்கு மூன்று வாசல்? யாரும் உட்கார்ந்து யோசித்துக் கட்டியதல்ல இது. ஒவ்வொரு வாசலும் ஒவ்வொரு நெருக்கடியில் திறந்தது.

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் பயிற்சிப் பள்ளி ஆரம்பமானது. அதைப் பார்த்து 1873-ல் நியூயார்க், நியூ ஹேவன், பாஸ்டன் ஆகிய மூன்று ஊர்களிலும் பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஆனால் லண்டன் பள்ளிக்கு மக்கள் நன்கொடையால் சேர்ந்த தனி நிதி இருந்தது. அமெரிக்கப் பள்ளிகளுக்கு அப்படி நிலையான நிதி இல்லாததால் அவை சீக்கிரமே மருத்துவமனைகளின் கைக்குள் போய்விட்டன. மாணவிகளுக்குத் தங்க இடம், சாப்பாடு, கொஞ்சம் கைச்செலவுக் காசு. பதிலுக்கு வார்டு முழுவதையும் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். படிப்பு என்ற பெயரில் நடந்தது பெரும்பாலும் வேலைதான். படித்து முடித்தவர்களுக்கு அதே மருத்துவமனையில் இடம் இருக்காது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துப் பிழைக்க வேண்டியதுதான். சம்பளமில்லாத புது மாணவிகள் வருடா வருடம் வரும்போது சம்பளம் கொடுத்து யார் ஆள் வைப்பார்கள்?

இந்தப் பள்ளிகளில் சேர நல்ல உடம்பும், நன்னடத்தைக்குச் சாட்சி சொல்லும் கடிதமும் தேவைப்பட்டன. எழுதப்படாத இன்னொரு தகுதியும் இருந்தது, தோல் நிறம். மேரி எலைசா மஹோனியின் கதை இங்கேதான் வருகிறது. 1845-ல் பிறந்த இந்தக் கறுப்பினப் பெண், பாஸ்டனில் பெண் மருத்துவர்கள் நடத்திய நியூ இங்கிலாந்து மருத்துவமனையில் சமையல், துணி துவைத்தல், துப்புரவு என்று சுமார் 15 வருடங்கள் வேலை பார்த்தார். அதே மருத்துவமனையின் பயிற்சிப் பள்ளியில் 1878-ல் மாணவியாகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 33. பதினாறு மாதப் பயிற்சி. கூடச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பாதியிலேயே நின்றுவிட, 1879-ல் முடித்த ஒரு சிலரில் அவரும் ஒருவர். அமெரிக்காவில் முறைப்படி பயிற்சி பெற்ற முதல் கறுப்பின நர்ஸ் அவர்தான். அவருக்குப் பிறகும் கதவு அகலத் திறந்துவிடவில்லை. பல பள்ளிகள் கறுப்பினப் பெண்களைச் சேர்க்க மறுத்ததால் அவர்களுக்கென்று தனிப் பள்ளிகள் உருவாயின. 1908-ல் கறுப்பின நர்ஸ்கள் தங்களுக்கென்று தேசிய அளவில் ஒரு சங்கம் தொடங்க வேண்டி வந்தது.

இதற்கிடையே பள்ளிகள் காளான் மாதிரி முளைத்தன. 1900-ல் நானூறைத் தாண்டியிருந்த எண்ணிக்கை, 1920களின் நடுவில் இரண்டாயிரத்துக்கும் மேல். வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காகவே சின்னச் சின்ன மருத்துவமனைகளும் பள்ளி நடத்தின. 1909-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகம் நர்சிங் பள்ளி தொடங்கியது. ஆனால் அங்கும் கொடுத்தது டிப்ளமோதான். 1923-ல் வந்த கோல்ட்மார்க் அறிக்கை, மாணவிகளின் படிப்பு மருத்துவமனையின் தேவைக்குப் பலியாகிறது என்பதை வெளிப்படையாகச் சொன்னது. அதே வருடம் ராக்ஃபெல்லர் நிதியுதவியுடன் யேல் பல்கலைக்கழகம் தனி டீனுடன் நர்சிங் பள்ளியை ஆரம்பித்தது. டீன் ஆனவர் ஆனி குட்ரிச், அவரும் ஒரு நர்ஸ்.

அடுத்த பெரிய திருப்பம் போரால் வந்தது. நர்ஸ்கள் ராணுவத்துக்குப் போய்விட உள்நாட்டு மருத்துவமனைகள் தள்ளாடின. 1943-ல் போல்டன் சட்டம் நிறைவேறி, கேடட் நர்ஸ் படை உருவானது. 17 முதல் 35 வயது வரையுள்ள பெண்களுக்குப் படிப்பு, புத்தகம், சீருடை எல்லாம் அரசுச் செலவு, மாதாமாதம் உதவித்தொகை வேறு. பயிற்சியும் 30 மாதமாகச் சுருக்கப்பட்டது. சுமார் 1,24,000 பேர் இதில் படித்து முடித்தார்கள். இனப் பாகுபாடு கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்ததால் கறுப்பினப் பெண்கள் சுமார் 3,000 பேரும் பயன்பெற்றார்கள். காசில்லாத வீட்டுப் பெண்கள் அத்தனை பேர் படிக்க வர, அரசு பணம் கட்டினாலே போதுமாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்! (போர் முடிந்த மறு வருடம், 1946-ல், இந்தியாவில் டெல்லியிலும் வேலூரிலும் நர்சிங் பட்டப்படிப்பு ஆரம்பமானது.)

போருக்குப் பிறகும் பற்றாக்குறை தீரவில்லை. கொலம்பியா டீச்சர்ஸ் காலேஜைச் சேர்ந்த மில்ட்ரெட் மான்டாக், இரண்டே வருடத்தில் கல்லூரியிலேயே நர்ஸ்களை உருவாக்கலாம் என்று 1951-ல் ஆய்வேட்டில் எழுதினார். 1952-ல் சோதனை முயற்சி தொடங்கியது. அவர் மனதில் இருந்தது முழு நர்ஸுக்குக் கீழே, உதவியாளருக்கு மேலே ஒரு நடுத்தர டெக்னீஷியன். ஆனால் படித்தவர்கள் எழுதியது அதே உரிமத் தேர்வு. வாங்கியதும் அதே உரிமம். குழப்பத்தின் விதை இங்கேதான் விழுந்தது.

1965-ல் அமெரிக்க நர்ஸ்கள் சங்கம், தொழில்முறை நர்ஸுக்கு இளங்கலைப் பட்டமே குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்று அறிவித்தது. டிப்ளமோ படித்த பெரும்பான்மையினருக்கு இது எப்படி இருந்திருக்கும்? ராத்திரி பகலாக வார்டில் நின்றவர்களை ஒரே அறிக்கையில் தகுதி குறைந்தவர்கள் என்று சொன்ன மாதிரிதான். சண்டை பல வருடம் நீடித்தது. நார்த் டகோட்டா மாநிலம் மட்டும் 1987-ல் பட்டத்தைக் கட்டாயமாக்கி, 2003-ல் அதையும் கைவிட்டது. 2010-ல் ஒரு தேசிய அறிக்கை, 2020-க்குள் நர்ஸ்களில் 80 சதவீதம் பேர் பட்டதாரிகளாக வேண்டும் என்று இலக்கு வைத்தது. அந்த வருடம் வந்தபோது இலக்கு எட்டப்படவில்லை.

இந்த வரலாறு முழுவதும் இன்றைய விண்ணப்பப் படிவத்துக்குள் ஒளிந்திருக்கிறது. உடற்கூறியல், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல் என்று முன்தகுதிப் பாடங்களை முடித்துவிட்டு, டீஸ் போன்ற நுழைவுத் தேர்வையும் பல இடங்களில் எழுத வேண்டும். சமுதாயக் கல்லூரியில் செலவு குறைவு, ஆனால் கூட்டம் அதிகம். கலிபோர்னியாவில் சில கல்லூரிகள் குலுக்கல் முறையில்கூட இடம் கொடுத்திருக்கின்றன. பாடத்தில் எடுத்த மார்க்குக்குப் பதில் அதிர்ஷ்டம்! பல்கலைக்கழகம் என்றால் கடன். இரண்டு வருடப் படிப்போடு வேலைக்குப் போனால், சில வருடங்களுக்குள் பட்டம் வாங்கிவிட வேண்டும் என்று நிபந்தனை போடும் மருத்துவமனைகள் உண்டு. நியூயார்க் மாநிலம் 2017 டிசம்பரில் இதைச் சட்டமாகவே ஆக்கியது. அசோசியேட் பட்டத்தோடோ டிப்ளமோவோடோ வருபவர்கள் பத்து வருடத்துக்குள் இளங்கலை முடிக்க வேண்டும். ஏற்கெனவே உரிமம் வைத்திருந்தவர்களுக்கும், அப்போது படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் விலக்கு கொடுத்தார்கள்.