வந்தும் வாசிக்கப்படாத பக்கங்கள்

இணையப் பக்கம் திறக்காதபோது உலாவி பெரும்பாலும் ஓர் எண்ணைக் காட்டுகிறது. 404 என்றால் கேட்ட பக்கம் அங்கில்லை. 500 என்றால் வழங்கியின் உள்ளே கோளாறு. தொடக்கத்தில் இவ்வெண்கள் இல்லை. 1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த முதல் எச்.டி.டி.பி. நெறிமுறையில் பிழைச் செய்தியும் மற்றொரு பக்கமாகவே வந்தது. படித்துப் பார்த்தே அது பிழை என்று அறிய முடிந்தது. 1996-இல் வெளியான 1.0 பதிப்பு மூவிலக்க எண்களை ஆவணப்படுத்தியது. அவற்றுள் 200 என்பது வெற்றியின் எண்.

தமிழின் சிக்கல் அந்த வெற்றிக்குள்ளேயே இருந்தது. பக்கம் முழுமையாக வந்து சேரும்; திரையில் தமிழ் இராது. ஒவ்வொரு தளமும் ரோமன் எழுத்துகளின் இடங்களில் தன் விருப்பப்படி தமிழ் வடிவங்களை அமைத்திருந்தது. அத்தளத்தின் எழுத்துரு கணினியில் இல்லையெனில் பொருளற்ற ரோமன் குவியலே தெரியும். இப்பிழைக்கு எண் கிடையாது.

தீர்வுகளும் பலவாயின. இணையவழி உரையாடல்களிலிருந்து திஸ்கி உருவானது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் குறிமுறைகளை ஏற்றது. ஒருங்குறியில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றிருந்தும், விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவுடன் வந்த பிறகே அது பொதுப் பயன்பாட்டை நோக்கி நகர்ந்தது.

ஏலமலையின் உடும்பஞ்சோலை போன்ற இருமொழி வட்டாரத்தில் இவ்வரலாறு இருமடங்காகிறது. மலையாளத்தின் சில்லெழுத்துகளுக்கு 2008-இல் ஒருங்குறி 5.1 தனிக் குறியிடங்கள் வழங்கியது. பழைய எழுத்துருக்கள் அவ்விடங்களில் வெற்றுக் கட்டங்களைக் காட்டின. மேலும், கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே மறுமொழி பெறவும் வழிசெய்கிறது. அம்மறுமொழி மின்வடிவில் வரும்போது, சட்டம் தந்த உரிமை எழுத்துக் குறிமுறையையும் நம்பியே நிற்கிறது.

சிதைவின் தோற்றமே அதன் காரணத்தைச் சொல்லும். வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் உரை நலமாயிருக்கிறது, எழுத்துருதான் இல்லை. மேற்குறியிட்ட ரோமன் 'அ' மூன்று குறிகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால், யு.டி.எஃப்-8 உரையை உலாவி மேலைக் குறிமுறையாகப் படித்திருக்கிறது. அக்குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியிடமும் மூன்று பைட்டுகளாகும், முதற்பைட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றே. குறிமுறையைத் திருத்தினால் தமிழ் மீளும். ஒழுங்கற்ற ரோமன் குவியலெனில் அது பழைய எழுத்துருவின் உரை. உரிய குறிமாற்றியால் மீட்கலாம். எழுத்துகளின் இடத்தில் வினாக்குறிகளே பதிவாகியிருந்தால் மட்டும் அக்கோப்பில் மீட்க ஏதுமில்லை. மூலப்படியைத் தேட வேண்டும்.

1990-களின் தமிழ் இணைய எழுத்துகளில் கணிசமானவை ஒருங்குறிக்கு முந்தியவை. அவற்றைப் 'பழுதான கோப்பு' என்று அழிப்பது, எழுத்து வடிவம் தெரியாமல் ஓலைச்சுவடியை அடுப்பிலிடுவதற்கு ஒப்பானது. எனவே ஆவணக் காப்பகங்கள் பழங்கோப்புகளோடு அவற்றின் எழுத்துருவையும் குறிமுறைப் பெயரையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும்.