பெரும்பாடும் கர்ப்பசஞ்சியும்

மாதவிடாயில் அளவுமீறிப் பெருகும் குருதிப்போக்கைச் சித்த மருத்துவம் ‘பெரும்பாடு’ என்கிறது. படுபவளின் பாடு அப்பெயரிலேயே கேட்கிறது (சொற்பிறப்பு அதுதான் என வாதிட மாட்டேன்). ஐதராபாத்தில் நான் கேட்கும் தெலுங்குப் பேச்சிலோ உறுப்பே முன்னிற்கிறது: ‘கர்ப்பசஞ்சி’. சஞ்சி என்றால் பை. பிள்ளைப்பேறு முடிந்தபின் வெறும் பை எதற்கு என்னும் வாதம் அச்சொல்லோடு எளிதில் ஒட்டிக்கொள்கிறது. ‘கருப்பை’ என்று சொல்லும் நமக்கும் இது பொருந்தும்.

அப்பையை அகற்றாமலே நோயைத் தணிக்கும் வழிகள் இருபதாம் நூற்றாண்டு முடியுமுன்பே கைவந்துவிட்டன. 1981இல் அமெரிக்க மருத்துவர் மில்டன் கோல்ட்ராத், வயிற்றைக் கீறாமல் கருப்பைக்குள் லேசர் கதிரைச் செலுத்தி உட்சவ்வைச் சுட்டழிக்கும் முறையை வெளியிட்டார். அதற்குத் தேர்ந்த கை வேண்டும். ராபர்ட் நியூவிர்த்தின் பலூன் முறை அத்தேவையைக் குறைத்தது: உள்ளே வைத்த சிறு பலூனில் 87 பாகை செல்சியசுக்குச் சூடாக்கிய நீர்மம் எட்டு நிமிடம் நின்றால் போதும். 1997இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. இவை இனிக் குழந்தை வேண்டாதவர்க்கே உரியவை. 1990இல் பின்லாந்தில் அறிமுகமான லெவோநார்ஜெஸ்ட்ரல் கருப்பைச் சாதனத்துக்கு அந்த வரம்பு இல்லை. எடுத்துவிட்டால் கருத்தரிக்கும் ஆற்றல் திரும்பும். நார்த்திசுக் கட்டிகளுக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனியை அடைக்கும் முறையை 1995இல் பாரிசில் ராவினா குழுவினர் முன்வைத்தனர்.

ஆந்திரப் பிரதேசத்தில் ஆரோக்கியஸ்ரீ தொடங்கியது இவற்றுக்கெல்லாம் பிறகு, 2007 ஏப்ரலில். முதல் மூன்று மாவட்டங்களுள் இன்றைய தெலங்கானாவின் மகபூப்நகரும் ஒன்று. ஏழைகளின் பெரும் சிகிச்சைச் செலவை அரசே ஏற்றது அரும்பணி. ஆனால் திட்டத்தின் அச்சு, மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சை. மாதக்கணக்கில் மருந்து கொடுத்துக் காத்திருக்கும் வைத்தியத்துக்கு அதில் இடம் குறைவு.

2015–16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் கருப்பை அகற்றப்பட்டோரைக் கணக்கிட்டது: இந்திய அளவில் 3.2 விழுக்காடு, தெலங்கானாவில் 7.7, ஆந்திரத்தில் 8.9. பாதிக்கும் மேற்பட்டோர் சொன்ன காரணம் மிகையான மாதவிடாய்ப் போக்கு அல்லது வலி. பழி முழுவதையும் காப்பீட்டின்மேல் ஏற்றுவது பிழை; கடன்பட்டுத் தனியார் மருத்துவமனைக்குச் சென்றோரும் பலர். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் எலும்புத் தேய்வு முன்கூட்டியே தொடங்கும்.

தேவையற்ற அகற்றல்களைத் தடுக்க ஒன்றிய அரசு 2022இல் வகுத்த நெறிமுறைகளை மாநிலங்கள் மூன்று மாதங்களுக்குள் ஏற்க வேண்டும் என 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

கருப்பை அகற்றப்பட்டதா, எப்போது, எங்கே, ஏன் என்று அக்கணக்கெடுப்பு கேட்டது. அதற்குமுன் வேறெந்த வழி உங்களுக்குச் சொல்லப்பட்டது என்று கேட்கவில்லை.