கரும்பலகை முன் நிற்பது யார்?

ஒரு பள்ளிக்கூடம் யாருக்கானது? சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தால் பாதி பதில்தான் கிடைக்கும். கரும்பலகை முன் நிற்க யாரை விடுகிறார்கள் என்று பார்த்தால் மீதியும் தெரிந்துவிடும். இது நமக்குத் தெரிந்த பாடம்தான். 1848இல் புனேயில் பெண் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தக் கிளம்பிய சாவித்திரிபாய் பூலே மீது வழியில் சாணியை வீசினார்கள். மாற்றுப் புடவை எடுத்துக்கொண்டுதான் அவர் பள்ளிக்குப் போனார்.

பால்புதுமையினரின் கல்வி உரிமை பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மாணவர்களோடு நிறுத்திக்கொள்கிறோம். கேலி, கழிப்பறை, சான்றிதழில் பெயர் மாற்றம் என எல்லாமே பேச வேண்டியவைதான். ஆனால் அதே வளாகத்தில் ஆசிரியராக இருக்கும் தன்பாலீர்ப்பாளருக்கும் திருநங்கைக்கும் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆசிரியர் ஒளிந்து வாழும் இடத்தில் மாணவர் எப்படித் தலைநிமிர்வார்?

அலிகரிலிருந்து தொடங்குவோம். ஸ்ரீனிவாஸ் ராமச்சந்திர சிராஸ், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்த பேராசிரியர், கவிஞர். 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் தன்பாலுறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்திருந்தது. ஏழு மாதம் சற்றே கடந்திருந்தது. 2010 பிப்ரவரி 8 இரவு, கேமராவோடு சிலர் அவர் வீட்டுக்குள் புகுந்து, அவர் இன்னொரு ஆணோடு இருந்ததைப் படம் எடுத்தார்கள். அத்துமீறி நுழைந்தவர்கள் மீது பல்கலைக்கழகம் பாய்ந்திருக்க வேண்டும். அது சிராஸைப் பணியிடை நீக்கம் செய்தது, குடியிருப்பையும் காலி செய்யச் சொன்னது. அவர் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஏப்ரல் 1 அன்று இடைநீக்கத்துக்குத் தடை கிடைத்தது. ஏப்ரல் 7 அன்று வாடகை வீட்டில் அவர் சடலமாகக் கிடந்தார். ஓய்வுபெறச் சில மாதங்களே மிச்சமிருந்தன. சட்டம் அவர் பக்கம் நின்றது, வேலை பார்த்த இடம் நிற்கவில்லை.

2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் திருநர்களின் பாலின அடையாளத்தை அங்கீகரித்தது. அவர்களைச் சமூக, கல்வி ரீதியாகப் பிற்படுத்தப்பட்டோராகக் கருதி இட ஒதுக்கீடு தரவும் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு மேற்கு வங்கத்தின் கிருஷ்ணாநகர் மகளிர் கல்லூரிக்கு மானபி பந்தோபாத்யாய் முதல்வரானார். வெளிப்படையாகத் திருநங்கையாக வாழும் ஒருவர் கல்லூரி முதல்வரானது இந்தியாவில் அதுவே முதல்முறை. நாடே கொண்டாடியது. 2016 டிசம்பரில், ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்று சொல்லி அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். நாற்காலி தந்தவர்கள் சக ஊழியர்களைத் தயார்செய்யவில்லை.

2021இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கல்வி நிறுவனங்களுக்கும் சேர்த்து வழிகாட்டுதல்கள் தந்தார்: பாலினப் பொதுக் கழிப்பறை, ஆவணங்களில் பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொள்ளும் வசதி, பால்புதுமையினரைப் புரிந்துகொண்ட ஆலோசகர்கள். அதே ஆண்டின் இறுதியில் என்சிஇஆர்டி, திருநர் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ஆட்சேபித்தது. சில நாட்களில் கையேடு இணையதளத்திலிருந்து காணாமல் போனது. ஆசிரியருக்குச் சொல்லித்தர வந்த நூலுக்கே அந்தக் கதி.

அடுத்தது ஜேன் கௌசிக். திருநங்கை, ஆசிரியர். உத்தரப் பிரதேசத்தில் ஒரு தனியார் பள்ளி வேலைக்குச் சேர்த்துச் சில நாட்களிலேயே வெளியேற்றியது. குஜராத்தில் இன்னொரு பள்ளி, அவர் யாரென்று தெரிந்ததும் வேலைக்கே எடுக்கவில்லை. 2025 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. 2019இல் திருநர் பாதுகாப்புச் சட்டம் வந்தும் அரசுகள் அதைச் செயல்படுத்தாமல் வைத்திருந்ததைக் கண்டித்தது. சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வகுக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழு அமைத்தது.

அந்தக் குழுவின் உறுப்பினர்களில் ஒருவர் கிரேஸ் பானு. தூத்துக்குடி மாவட்டத்துத் தலித் திருநங்கை, தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநர். பள்ளியில் மற்ற பிள்ளைகள் வந்தபிறகு வரவும், அவர்கள் கிளம்புமுன் போய்விடவும் தன்னைச் சொன்னார்கள் என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அங்கே சாதித் தீண்டாமை எங்கே முடிந்தது, பாலினத் தீண்டாமை எங்கே தொடங்கியது என்று கோடு போட்டுப் பிரிக்க முடியுமா?

அதனால்தான் கிரேஸ் பானுவும் அவரது தோழர்களும் கிடைமட்ட இட ஒதுக்கீடு கேட்டு நெடுநாளாகப் போராடுகிறார்கள். தமிழ்நாடு திருநர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. அப்படியானால் பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கை எந்தப் பக்கம் நிற்பார்? சாதிச் சான்றிதழைக் காட்டினால் திருநர் என்பதற்கு எதுவும் இல்லை. திருநர் என்று போனால் பட்டியல் சாதி உரிமையை விட வேண்டும். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இருப்பதுபோல, எஸ்சி, எஸ்டி, பிற்படுத்தப்பட்டோர், பொதுப்பிரிவு என ஒவ்வொன்றுக்குள்ளும் திருநருக்கு இடம் ஒதுக்குவதுதான் கிடைமட்ட ஒதுக்கீடு. கர்நாடகம் 2021இல் அரசு வேலைகளில் 1 சதவீதம் இப்படிக் கொடுத்தது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் கல்வியிலும் வேலையிலும் 1 சதவீதம் தரச் சொன்னது.

தோழர்களே, இந்தப் பதினைந்து ஆண்டுகளில் நீதிமன்றம் திரும்பத் திரும்பக் கதவைத் திறந்திருக்கிறது, ஆசிரியர் அறை திரும்பத் திரும்பச் சாத்தியிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தும் காவல் நிலையத்தில் புகார் வாங்க வைக்க இன்றும் போராடும் நமக்கு இது புரியாததல்ல. உங்கள் கல்லூரியில் அம்பேத்கர் வாசகர் வட்டம் இருந்தால், அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளை நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். பெயர் மாற்ற விண்ணப்பத்தை யார் வாங்குவார்? பால்புதுமை மாணவரை அவமதித்தால் எந்தக் குழு விசாரிக்கும்? ஒரு திருநங்கை உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பித்தால் நேர்காணலுக்கு அழைப்பீர்களா?

மூன்றாவது கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். முதல் இரண்டு பதில்களையும் எவ்வளவு நம்பலாம் என்பது அதில் தெரிந்துவிடும்.

ஜெய் பீம்.